நேரம் தவறாத கடிகாரம்

அத்தியாயம் 8

வெண்டல் ஹோல்கம் மூன்றாவது முட்டை கேட்டபோதுதான் அவன்மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது. வாயைத் திறந்து கேட்கவில்லை. வின்னியின் முகத்தையும் பார்க்கவில்லை. விரலை மட்டும் ஆட்டினான். மதியம் வக்கீல் வந்ததும் இந்த வீடு தன் பெயருக்கு மாறிவிடும் என்று தெரிந்தவனுடைய விரல் அது.

வின்னி முட்டையை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். இங்கிலாந்தின் க்ளீதார்ப்ஸ் கடற்கரையில் இந்த விடுதியை மிஸஸ் ஸ்கெல்டனோடு சேர்ந்து அவள்தான் நடத்தினாள். சொல்லப்போனால், மிஸஸ் ஸ்கெல்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வின்னி நடத்தினாள். அந்த அம்மாள் சாகும்போது உயிலில் எழுதியது இவ்வளவுதான்: அமெரிக்காவில் இருக்கும் தங்கை டோரத்தியின் மகன் ஒரு வருஷத்துக்குள் வந்து கேட்டால் வீடு அவனுக்கு, வராவிட்டால் வின்னிக்கு. போர்க்காலத்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவள் டோரத்தி. அவளும் செத்துப்போய்விட்டாள். மகன் கறுப்பா சிவப்பா என்று இங்கே யாருக்கும் தெரியாது. வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இவன் வந்து இறங்கினான். ஓஹையோவில் டோலிடோ நகரமாம். கையில் காகிதங்கள், தலையில் தொப்பி, வாயில் சூயிங்கம்.

வின்னிக்குப் போக வேறு இடம் இல்லை. அதனால்தான் என் முதலாளியம்மா மிஸஸ் ஹெப்டனைக் கூப்பிட்டாள். அவர் துப்பறிகிறவர். நான் லென் டனர்ட், அவர் பையைத் தூக்குகிறவன். மீன் துறைமுகத்தில் முதுகு போன பிறகு இதைவிட லேசான சுமை கிடைக்கவில்லை.

"என்ன துப்பறியும் அம்மணி," என்றான் வெண்டல், வார்த்தைகளைச் சூயிங்கத்தோடு சேர்த்து இழுத்து. "ஏதாச்சும் அகப்பட்டுச்சா? இல்ல இன்னும் என் ஷூவைத்தான் மோந்து பாத்துக்கிட்டிருக்கீங்களா?"

"ஷூ முடிஞ்சுது," என்றார் மேடம். "ஒரு தடவை உங்க கடிகாரத்தைப் பாக்கலாமா?"

"தாராளமா. எங்கம்மாவோட கடிகாரம். எல்லாரும் பாக்கட்டும்."

அதுதான் அவனுடைய துருப்புச் சீட்டு. கூடத்தில் கணப்புக்கு மேலே ஒரு பழைய படம் இருக்கிறது. டோரத்தி தன் ஓஹையோ அடுக்களையில் நிற்கிறாள், பின்னால் சுவரில் சேவல் படம் போட்ட மின்சாரக் கடிகாரம். அதே கடிகாரத்தை இவன் பெட்டியிலிருந்து எடுத்தபோது வக்கீல் பிஞ்ச்பெக் மயங்கிப் போனார். மனிதனைச் சோதிக்கத் தெரியாதவர் சேவலைச் சோதித்துவிட்டுத் திருப்தியடைந்தார்.

மாடி அறையில் சேவல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயர் நுனியில் இரண்டு தகடு நீட்டிய அமெரிக்க ப்ளக். அது எங்கள் ஊர்ச் சுவரில் எந்த ஓட்டையிலும் நுழையாது. அதனால் நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு இரும்பு டிரான்ஸ்பார்மர். வயிறு சரியில்லாதவன் மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

"உங்க ஊர் கரண்டை நேரா குடுத்தா எங்க சாமான் கருகிப்போயிரும்," என்றான் வெண்டல், குழந்தைக்குச் சொல்வது போல. "அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

"அப்படியா," என்றார் மேடம். அவர் அமெரிக்காவில் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் என்பது இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கே அதை நினைக்கப் பிடிக்காது.

ஜன்னல் வழியாகத் தேவாலய மணி கேட்டது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சேவலைப் பார்த்தேன். மூன்றும் ஒத்துப்போயின. மேடம் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். படிக்கட்டின் பாதியில் நின்றார். முகத்தில் புன்னகை. அவர் புன்னகைத்தால் யாருக்கோ கெட்ட நாள்.

"என்ன மேடம் பாத்தீங்க?"

"சரியான நேரத்தை."

"கடிகாரத்துல வேற என்ன இருக்கும்? வானிலையா?"

"அந்தக் கடிகாரத்துக்குச் சரியான நேரம் காட்ட உரிமையே கிடையாது லென். நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் ஒரு முரடன். இருநூத்து நாப்பது வோல்ட். அவங்க ஊர்ல வீட்டு ப்ளக் பாயிண்ட்ல வர்றது அதுல பாதிதான். இங்க கெட்டில்ல தண்ணி வச்சா கப்பை எடுக்குறதுக்குள்ள கொதிச்சிரும். அங்க தண்ணிய வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வரலாம்."

"அதுக்குத்தானே அந்தச் செங்கல்?"

"செங்கல் பலத்தைப் பாதியாக்கும், அவ்ளோதான். ஆனா கரண்டுக்கு ஒரு துடிப்பு இருக்குது பாரு, நாடி மாதிரி, அது செங்கல் சொல்றதைக் கேக்காது. நமக்கு செகண்டுக்கு அம்பது துடிப்பு. அவங்களுக்கு அறுபது. சேவலுக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, சாவியும் கிடையாது. துடிப்பை எண்ணி எண்ணித்தான் முள்ளை நகத்தும். அறுபது எண்ணினாத்தான் ஒரு செகண்டுன்னு அதை அப்படிச் செஞ்சுட்டாங்க."

"இங்க அம்பதுதான் கிடைக்கும். அப்ப மெதுவால்ல ஓடணும்?"

"ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் பின்னாடி போகணும். ஒரு முழு நாள் ஓடினா, பொழுது சாயும்போது அது மத்தியானச் சாப்பாட்டு நேரம் காட்டணும்."

"அமெரிக்காக்காரன் லேட்டாத்தான் வருவான்னு எனக்குத் தெரியும். ரெண்டு உலகச் சண்டைக்கும் அப்படித்தானே வந்தான்."

"என் வீட்டுக்காரரைப் பத்திப் பேசாத."

"நான் பேசலையே."

"அந்த மனுஷனும் அந்த ஊர் கரண்ட் மாதிரிதான். பலம் பாதி, படபடப்பு அதிகம்." மேடம் பெப்பர்மின்ட்டைக் கடித்தார். "வா. வக்கீல் வர்ற நேரமாச்சு."

கூடத்தில் எல்லாரும் கூடியாகிவிட்டது. பிஞ்ச்பெக் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் நல்ல நாற்காலி அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வெண்டல் கணப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான். வின்னி ஓரத்தில், ஏப்ரனோடு. அவள் பக்கத்தில் சிரில் மம்பி.

சிரிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, விளக்கு. தெருவில் யார் பல்பு மாட்டினாலும் "தள்ளுங்க, அப்படியில்ல" என்று சொல்லாமல் போகமாட்டார். போன வாரம் மேடத்தின் இஸ்திரிப் பெட்டியை அவர் கேட்காமலே பிரித்து, அதன் குற்றங்குறைகளை அரைநாள் விளக்கினார். வின்னிக்கு இந்தச் சங்கடம் வந்ததிலிருந்து தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்.

"அவன்கூட ஒரு வார்த்தை பேசல நான்," என்று என்னிடம் முணுமுணுத்தார். "பேசினா கை நீண்டுரும்."

"நீளட்டுமே. நான் பிடிச்சுக்கிறேன்," என்றேன். கை நீளவில்லை.

பிஞ்ச்பெக் தொண்டையைச் செருமினார். "மிஸஸ் ஹெப்டன், உங்களுக்கு ஆட்சேபணை ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. எனக்கு சாப்பாட்டுக்குப் போகணும்."

மேடம் சொன்னார். படிக்கட்டில் என்னிடம் சொன்னதையே, கல்யாணத்தை விட்டுவிட்டு. அமெரிக்கக் கடிகாரம் இங்கே பின்தங்க வேண்டும், இது பின்தங்கவில்லை, ஆகவே இது அமெரிக்காவிலிருந்து இப்போது வந்த கடிகாரமாக இருக்க முடியாது. வின்னி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிஞ்ச்பெக்கின் பேனா நின்றது.

வெண்டல் சிரித்தான்.

"அம்மணி, பாவம் நீங்க. நீங்க துடிப்புன்னு சொன்னதுதான் சைக்கிள். அம்பது சைக்கிள், அறுபது சைக்கிள், அதானே? டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜை மாத்தும், சைக்கிளை மாத்தாது. வந்த அன்னிக்கு அது பின்தங்கித்தான் ஓடுச்சு. உள்ள இருந்த மோட்டாரைக் கழட்டிட்டு அம்பது சைக்கிள் மோட்டார் போட்டாச்சு. அம்மா கடிகாரம் பொய் நேரம் காட்டுனா மனசு கேக்குமா?"

"யாரு மாத்தினது?"

"லண்டன்ல ஒரு கடை. பேரு ஞாபகமில்ல."

அவ்வளவுதான். பிஞ்ச்பெக் மேடத்தைப் பார்த்த பார்வையை நான் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். அழுகின மீனைக் கூடையிலிருந்து எடுத்துப் போடும்போது மேஸ்திரி பார்ப்பான்.

"இதுக்காகவா என்னை உக்கார வச்சீங்க?" என்றார். "ஒரு கடிகாரம் சரியா ஓடுதுங்கிறது குத்தமா? அடுத்த தடவை கிணறு நிறையத் தண்ணி இருக்குன்னு வழக்குப் போடுவீங்க போல."

வின்னி எழுந்து ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. சிரில் உதவிக்கு எழுந்தார். "விடுங்க," என்றாள்.

மேடம் தலை குனிந்தார். இப்படி அவர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கே கோபம் வந்தது.

"தப்பு என்னோடதுதான் மிஸ்டர் ஹோல்கம்," என்றார் மெல்லிய குரலில். "உங்க அம்மா ஞாபகத்தைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். அந்தக் கடிகாரம்னா அவங்களுக்கு உசிரோ?"

மன்னிப்புக் கேட்கிறவர்களைப் பார்த்தால் இந்த மாதிரி ஆளுக்குப் பசி வந்துவிடும். வெண்டல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"உசிருன்னா சாதாரண உசிரா? கடைசி நாள்ல படுக்கையை அடுக்களையிலயே போடச் சொன்னாங்க. அந்த முனகல் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும். ஒரு நாள் சாயங்காலம், வெளிய பனி கொட்டுது, கடிகாரம் பட்டுன்னு நின்னுபோச்சு. அம்மா கண்ணைத் தொறந்து, 'வெண்டல், என் நேரம் முடிஞ்சுதா'ன்னு கேட்டாங்க. 'இல்லம்மா'ன்னு சொல்லிட்டு நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ப்ளக்கைப் பிரிச்சேன். ஃப்யூஸ் போயிருந்துச்சு. அம்மா தலைமாட்டு விளக்கு வெளிச்சத்துல புது ஃப்யூஸை மாட்டி மூடினேன். சேவல் ஓட ஆரம்பிச்சுது. அம்மா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்போடதான் போனாங்க."

வின்னி மூக்கைத் துடைத்தாள். தன்னைத் தெருவில் நிறுத்தப் போகிறவனுக்காக அழுகிறவளை என்ன சொல்வது. பிஞ்ச்பெக்கூடக் கைக்குட்டையை எடுத்தார். நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எந்த ஃப்யூஸ்?" என்றார் மேடம்.

"ப்ளக்குல இருக்குற ஃப்யூஸ்தான். வேற எங்க இருக்கும்?"

"அதானே," என்றார் மேடம். "வேற எங்க இருக்கும்?" எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். வக்கீலும்தான்.

"பாத்தீங்களா மிஸ்டர் பிஞ்ச்பெக், இந்த அறையில ஒருத்தருக்காச்சும் உறுத்துச்சா? ஏன்னா நாம எல்லாரும் இங்கிலீஷ்காரங்க. நம்ம நாட்டுல கடையில எது வாங்கினாலும் ப்ளக் இல்லாமதான் குடுப்பான். மொட்டை வயரோட வீட்டுக்குக் கொண்டாந்து, அடுக்களை மேஜையில உக்காந்து, நாமே ப்ளக்கைத் திருகி மாட்டணும். உள்ள ஒரு சுண்டு விரல் ஃப்யூஸ் வைக்கணும். பள்ளிக்கூடம் போற வயசுலயே கை பழகிப்போச்சு. ஒரு சாமான் நின்னா மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி கை ப்ளக்கைப் பிரிச்சிரும். லென், மேல போய் சேவலைக் கழட்டிக் கொண்டா. வயரோட."

போய்க் கொண்டுவந்தேன். முதுகு வலித்தது, ஆனால் அதற்கு மதிப்பிருந்தது. மேடம் அந்த அமெரிக்க ப்ளக்கை வக்கீலின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு தகடு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரப்பர்த் துண்டு. அவ்வளவுதான்.

"இதுல ஃப்யூஸ் எங்க இருக்குன்னு காட்டுங்க."

பிஞ்ச்பெக் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவர் கண்ணாடி கிடைத்த குரங்கு மாதிரிதான் இருந்தார்.

"இதுக்குள்ள எதுவும் வைக்க இடமே இல்லையே," என்றார் கடைசியில்.

"இருக்காது. அந்த ஊர் ப்ளக்குல ஃப்யூஸ் வைக்கிற பழக்கமே கிடையாது. ஃப்யூஸெல்லாம் நிலவறையில ஒரு பெட்டியில இருக்கும். அங்க ஒண்ணு போனா அந்த அறையே இருட்டாயிரும், பக்கத்து அறையில பாதியும் போயிரும். நான் குடியிருந்த இண்டியானாவுல எத்தனை தடவை டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு எலிப் புழுக்கைக்கு நடுவுல இறங்கியிருக்கேன்னு என்னைக் கேளுங்க. டோலிடோவுல பிறந்து வளந்தவன் வாழ்க்கையில ஒரு ப்ளக்கைப் பிரிச்சு ஃப்யூஸ் தேடியிருக்க மாட்டான்."

வெண்டலின் தொப்பி நெஞ்சிலிருந்து இறங்கியது. "பெட்டியைத்தான் சொன்னேன். நிலவறையில இருக்குற பெட்டி. துக்கத்துல ஏதோ..."

"ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?" என்றேன் நான். "எலியைக் குத்தவா?"

"அதோட, நிலவறைக்குள்ள உங்க அம்மா தலைமாட்டு விளக்கு வெளிச்சம் எப்படி வந்துச்சுங்கிறதையும் சொல்லுங்க," என்றார் மேடம்.

அவன் கண் கதவைத் தேடியது. கதவருகே நான் போய் நின்றுகொண்டேன். மீன் கூடை தூக்கிய தோள் இன்னும் ஒரு கதவை அடைக்கும்.

"இப்ப ரெண்டாவது விஷயம்," என்றார் மேடம். "இந்த ஆள் சொந்தமா பேசுன கதையில நம்ம ஊர் ஃப்யூஸைப் போட்டு உளறிட்டான். கரண்ட்ல இவனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஆனா கடிகாரத்தைப் பத்திக் கேட்டப்போ சைக்கிள், மோட்டார்னு எவ்ளோ சுத்தமா ஒப்பிச்சான் பாத்தீங்களா? மூச்சுக்கூட விடல. அது சொந்தச் சரக்கில்ல, வாத்தியார் சொல்லிக் குடுத்த பாடம். வாத்தியார் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் கடிகாரத்தைப் பத்திப் பேசி முட்டாளாகிக் காட்டினேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கடிகாரத்தைப் பற்றி, டிரான்ஸ்பார்மரைப் பற்றி, மோட்டார் மாற்றியதைப் பற்றி இவ்வளவு நேரம் இந்த அறையில் பேச்சு நடந்திருக்கிறது. ஒரு பல்பு மாட்டினால் குறுக்கே விழும் மனிதர் ஒரு தடவைகூட "தள்ளுங்க, அப்படியில்ல" என்று சொல்லவில்லை.

மேடம் சிரில் பக்கம் திரும்பினார். "என் இஸ்திரிப் பெட்டிக்கு அரைநாள் பிரசங்கம் பண்ணுனீங்க. இன்னிக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார் சிரில்.

"தெரியாதா?" என்றான் வெண்டல். அமெரிக்கா அவன் வாயிலிருந்து மொத்தமாக இறங்கிவிட்டது. எங்கள் நாட்டு லீட்ஸ் பக்கத்துப் பேச்சு. "யோவ், எல்லாம் சோதிச்சாச்சு, நீ வாயைத் தொறந்தா போதும்னு சொன்னியே. நான் நாடகத்துல நடிக்கிறவன்யா, உன்ன மாதிரி வயர் பிரிக்கிறவன் இல்ல. அவங்க ஊர் ப்ளக்குல ஃப்யூஸ் கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"உன்னை யாருடா கதை சொல்லச் சொன்னது?" என்றார் சிரில். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

பிறகு எல்லாம் வேகமாக வெளியே வந்தது. அசல் வெண்டல் போன வருஷமே டோலிடோவில் கார் மோதி இறந்துவிட்டான். உறவினர் வேறு யாரும் இல்லாததால் அவன் காகிதங்களையும் சேவல் கடிகாரத்தையும் ஒரு பெட்டியில் போட்டு இந்த விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். தபால்காரன் வந்தபோது வின்னி கடைக்குப் போயிருந்தாள். பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். சிரில் பெட்டியைப் பிரித்தார். கடிகாரம் பின்தங்கினால் பேச்சு வரும் என்று மோட்டாரை மாற்றினார். படகுத்துறை அரங்கத்தில் வேலை போன நடிகன் ஒருவனைப் பிடித்தார்.

பிஞ்ச்பெக் எழுந்து, நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன் என்கிற பாவனையில் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "வீடு மிஸ் வின்னிக்குத்தான். போலீசுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

வின்னி சிரில் முன்னால் போய் நின்றாள். "வீட்டை வித்து நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கத்தானா?"

"காசுக்காக இல்ல வின்னி," என்றார் சிரில். குரல் உடைந்திருந்தது. "பங்கெல்லாம் இவனுக்குத்தான். மூணு தடவை கேட்டேன், கட்டிக்கலாம்னு. வீடு இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லிட்டே. வீடு இல்லேன்னா எங்கிட்டதானே வருவே? உன்னை நல்லா வச்சுப்பேன். கடைக்கு மேல நாலு அறை. சத்தியமா ஆசைதான்."

வின்னி ஏப்ரன் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்த ஈஸ்டருக்கு இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நினைச்சேன் சிரில்," என்றாள் அமைதியாக. "சரின்னு சொல்லலாம்னு இருந்தேன்."

சிரில் முகத்தில் நடந்ததை நான் எழுத மாட்டேன். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்தபோது, கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யார் என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லீட்ஸ்காரன் மட்டும் வாசல்வரை வக்கீலிடம் தன் நடிப்பு எப்படி என்று கேட்டுக்கொண்டே போனான்.

எல்லாரும் போன பிறகு வின்னி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். முடிச்சு அவிழாத ஏப்ரன் இடுப்பிலேயே இருந்தது. மேடம் ஜன்னலோரம் கடலைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நிசமாவே அவரைக் கட்டிக்கிறதா இருந்தியா வின்னி?"

"அந்த ஆளையா?" அவள் என் கோப்பையில் பாலை ஊற்றினாள். "தலைகீழா நின்னாலும் கட்டிருக்க மாட்டேன். ஆனா ஜெயில்ல ராத்திரி பெருசா இருக்கும்னு சொல்றாங்க லென். படுத்துக்கிட்டு யோசிக்க அவருக்கும் ஏதாச்சும் வேணும்ல."